அடிலெய்டு – ஃபிளிண்டர்ஸ் மலை – கிளேர் – பரோசா: 9 நாள் டென்ட் பயணம், வரிசை சரியா?

வைகைக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து அடிலெய்டு வருகிறோம். நான், மனைவி, தம்பி, தம்பி மனைவி என்று நான்கு பேர். 9 நாள் கையில் இருக்கிறது. எஸ்யூவி வாடகைக்கு எடுத்து, இரண்டு டென்ட் போட்டு, முடிந்தவரை நாமே சமைத்துச் சாப்பிடுவதாக எண்ணம். நால்வரும் சைவம். நானும் தம்பியும் வைன் குடிப்போம். தம்பி மனைவி குடிப்பதில்லை, ஆனால் நன்றாக வண்டி ஓட்டுவார்.

இப்போதைக்குப் போட்ட திட்டம் இது: காலையில் இறங்கியதும் நேராக பரோசா, அங்கே 2 இரவு. பிறகு கிளேர் பள்ளத்தாக்கு 2 இரவு. அடுத்து ஃபிளிண்டர்ஸ் மலையில் வில்பீனா, 4 இரவு. கடைசி நாள் வில்பீனாவிலிருந்து அடிலெய்டு திரும்பி, அன்று இரவே விமானம்.

கேட்க வேண்டியவை:
1. இந்த வரிசை சரிதானா?
2. ஒற்றை பியூட்டேன் டப்பா போடும் கையடக்க அடுப்பு போதுமா? 3 லிட்டர் குக்கர் எடுத்து வருகிறோம்.
3. மஞ்சள்கால் பாறை வாலபியை (சிறிய கங்காரு மாதிரியான விலங்கு) பார்க்க வேண்டும் என்பது மனைவியின் பல வருட ஆசை. எங்கே, எந்த நேரம்?
4. வைன் பாட்டில்களை ஊருக்குக் கொண்டுவருவதில் கவனிக்க வேண்டியது என்ன?

மணல்தேரி

வணக்கம். இடங்கள் எல்லாம் அருமை, வரிசையை மட்டும் அப்படியே திருப்பிப் போடுங்கள். மலை முதலில், வைன் கடைசியில்.

காரணம் மூன்று. இரவு முழுக்க விமானத்தில் உட்கார்ந்து வந்த உடம்போடு, இறங்கிய அன்றே புது ஊர்ச் சாலையில் ஓட்டி வைன் ருசி பார்க்கப் போவது முதல் தப்பு. இரண்டாவது, முதல் நாளே வாங்கிய பாட்டில்கள் ஒரு வாரம் வண்டிக்குள் கிடக்கும். செப்டம்பரில் வெளியே 20 டிகிரிதான் என்றாலும், கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் 40 தாண்டிவிடும். வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், ஓரமாகக் கசியும், பழ வாசனையும் போய்விடும். மூன்றாவதுதான் பெரிய ஆபத்து: வில்பீனாவிலிருந்து அடிலெய்டு சுமார் 430 கி.மீ., நிற்காமல் போனாலே 5 மணி நேரம். இரவு விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் விடியற்காலையிலேயே கிளம்பத் தோன்றும். கங்காருக்கள் சாலையோரம் மேய்வது சரியாக அந்த நேரத்தில்தான்.

நான் சொல்லும் வரிசை:

முதல் நாள் அடிலெய்டிலேயே தங்குங்கள். வண்டி எடுப்பது, மளிகை, கேஸ், டென்ட் சாமான் எல்லாம் அன்றே முடியட்டும். மாலையில் நகரத்தை ஒட்டிய பெலேர் தேசியப் பூங்காவில் யூகலிப்டஸ் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் கோலா தென்பட நல்ல வாய்ப்பு. இரண்டாம் நாள் மெல்ரோஸ், சுமார் 270 கி.மீ. ரிமார்க்கபிள் மலையின் அடிவாரத்தில் உள்ள சிறிய ஊர். மூன்றாம் நாள் வில்மிங்டன், குவோர்ன், ஹாக்கர் வழியாக வில்பீனா, 185 கி.மீ. அளவு. அந்தப் பக்கம் 3 இரவு. ஆறாம் நாள் ஓரரூ, ஜேம்ஸ்டவுன் வழியாக கிளேர், 290 கி.மீ. பக்கம். அங்கே 2 இரவு. எட்டாம் நாள் பரோசா, 100 கி.மீ. ஒன்பதாம் நாள் அங்கிருந்து அடிலெய்டு வெறும் 75 கி.மீ.தான். காலையில் டென்டை நிதானமாகக் காயவைத்து மடித்துவிட்டே கிளம்பலாம்.

குவோர்னுக்கும் ஹாக்கருக்கும் நடுவில் சாலையை ஒட்டியே கன்யாகா பண்ணையின் கல் இடிபாடுகள் இருக்கின்றன. அரை மணி நேரம் நில்லுங்கள். 1865-இல் நில அளவைத் தலைமை அதிகாரி ஜார்ஜ் கோய்டர், தெற்கு ஆஸ்திரேலியா வரைபடத்தில் ஒரு கோடு போட்டார். அதற்கு வடக்கே மழையை நம்பிப் பயிர் வைக்க முடியாது என்பது அதன் பொருள். அடுத்து வந்த சில நல்ல மழை வருடங்களை நம்பி மக்கள் கோட்டைத் தாண்டிப் போய்க் கோதுமை விதைத்தார்கள். 1880-களின் வறட்சி அவர்களைத் திருப்பி அனுப்பியது. ஓரரூ பக்கம் வயல்வெளி முடிந்து சாம்பல் நிற உப்புப்புதர் தொடங்குவதை வண்டியிலிருந்தே பார்க்கலாம். உங்களுக்கும் அந்தக் கோடு பொருந்தும். அதற்கு வடக்கே கடை, பெட்ரோல், போன் சிக்னல் எல்லாமே தூரம் தூரமாகத்தான் கிடைக்கும். ஹாக்கரில் டேங்க்கை நிரப்பாமல் மேலே போகாதீர்கள்.

நேரக் கணக்கு: செப்டம்பர் நடுவில் சூரியன் மாலை 6 மணி தாண்டியதும் மறைந்துவிடும். 4:30-க்கு முகாமில் வண்டி நின்றாக வேண்டும், காலை 7:30-க்கு முன் நகரக்கூடாது. இதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 28 மீட்டர் போகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 40 மீட்டர் கடந்துவிடும். கங்காரு குறுக்கே வந்தால் நேராகப் பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். சரளை ஓரத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் வண்டி உருண்டுவிடும், உயிர்போகும் விபத்து பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளி விடுமுறை செப்டம்பர் கடைசி வாரம் தொடங்கும். உங்கள் தேதி அதில் இடித்தால் வில்பீனா முகாமை இப்போதே பதிவு செய்யுங்கள். பூங்கா நுழைவுக் கட்டணம், உள்ளே இருக்கும் சிறு முகாம்கள் எல்லாமே இணையத்தில் முன்பதிவுதான். சிக்னல் இல்லாத இடத்துக்குப் போய்விட்டுப் போனில் பதிவு செய்யத் தேடக்கூடாது.

அடுப்படி

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். அந்த அடுப்பும் உங்கள் குக்கரும் சேர்ந்தால் இரண்டு பிரச்சினை.

முதலாவது குளிர். பியூட்டேன் கொதிக்கும் நிலை மைனஸ் 0.5 டிகிரி. வில்பீனாவில் செப்டம்பர் விடியற்காலை 5 டிகிரிக்கு இறங்குவது சகஜம். 5 டிகிரியில் கேஸ் வரத்தானே வேண்டும் என்று தோன்றும். வரும், ஆனால் நிற்காது. திரவம் ஆவியாகும்போது டப்பாவின் சூட்டைத் தானே இழுத்துக்கொள்கிறது. ஐந்து நிமிடத்தில் டப்பாவின் வெளிப்பக்கம் வியர்த்து, பிறகு பனி பூக்கும். நீலச் சுடர் குட்டையாகிப் பர்னர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். டப்பாவை ஆட்டிப் பார்த்தால் உள்ளே பாதிக்கு மேல் திரவம் சலசலக்கும், அடுப்போ அணைந்திருக்கும். காலைக் காபிக்கே இந்த கதி.

இரண்டாவது ஆபத்தானது. அந்த அடுப்பில் டப்பா பர்னருக்குப் பக்கத்திலேயே, ஒரு சிறு மூடிக்குக் கீழ் படுத்திருக்கும். அகலமான பாத்திரம், முக்கியமாக தோசைக்கல், அந்த மூடிக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றால் அடியில் மோதும் சூடு நேரே டப்பா மீது இறங்கும். டப்பா வெடித்துத் தீக்காயம் பட்டவர்கள் உண்டு. காற்றுக்குத் தகரத்தைச் சுற்றி வைத்து மறைப்பதும் அதே வேலையைச் செய்யும். பாத்திரத்தின் விளிம்பு அடுப்பின் பர்னர் பகுதிக்குள்ளேயே அடங்க வேண்டும். 3 லிட்டர் குக்கர் அடங்கலாம், தோசைக்கல் அடங்காது.

செய்ய வேண்டியது: அடிலெய்டில் முகாம் சாமான் வாடகைக்குத் தரும் கடையில் இரட்டை பர்னர் அடுப்பும் 4 கிலோ எல்பிஜி சிலிண்டரும் எடுங்கள். ஆஸ்திரேலிய எல்பிஜி பெரும்பாலும் புரொப்பேன், அது மைனஸ் 42-இல் கொதிப்பதால் இந்தக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. குழாய், ரெகுலேட்டர், சிலிண்டர் மூன்றையும் ஒரே கடையில், கடைக்காரர் முன்னாலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். அங்கே சிலிண்டர் வாய் ஒரே மாதிரி இருக்காது. பழைய வகைகள் இடத்திருகு, அதாவது நம் கைப்பழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகும். தெரியாமல் பலம் கொடுத்தால் பித்தளை மரை போய்விடும். மாட்டியதும் சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வண்டியில் சிலிண்டரை நிமிர்த்தி, கட்டி வையுங்கள்.

பியூட்டேன் அடுப்பேதான் என்றால், முழுச் சுடரில் 220 கிராம் டப்பா ஒன்றரை மணி நேரத்துக்குள் தீரும். நாலு பேருக்கு இரண்டு வேளைச் சமையல் என்றால் நாளுக்கு ஒரு டப்பா கணக்கு. காலையில் வேண்டிய டப்பாவை இரவே போர்வைப் பைக்குள் (ஸ்லீப்பிங் பேக்) கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெந்நீரிலோ தீயின் பக்கத்திலோ வைத்துச் சூடாக்கவே கூடாது. எந்த அடுப்பானாலும் டென்டுக்குள் பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஐஸ்பெட்டி: தூள் ஐஸ் வாங்காதீர்கள், கட்டி ஐஸ் வாங்குங்கள். பெட்டியின் கொள்ளளவில் பாதி ஐஸாக இருந்தால் மூன்று நாள் ஓடும். தயிர் உறை ஊற்றிப் பார்க்க வேண்டாம், அந்தக் குளிரில் இரவு முழுக்க வைத்தாலும் பாலாகவே இருக்கும். இனிப்புச் சேர்க்காத கிரேக்கத் தயிர் டப்பா கிடைக்கிறது, மோர்சாதத்துக்கு அதுவே போதும். பூங்காவின் சிறு முகாம்களில் குடிதண்ணீர் கிடையாது. ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர், அதோடு வண்டியில் தொடாமல் ஒரு 10 லிட்டர் கேன்.

டென்ட்: கூடவே வரும் மெல்லிய கம்பி முளைகள் ஃபிளிண்டர்ஸ் தரையில் முதல் அடியிலேயே வளையும். 25 முதல் 30 செ.மீ. நீள எஃகு முளை ஒரு டென்டுக்கு 10 வீதமும், ஒரு சுத்தியலும் வேண்டும். இடம் தேடும்போது ஓடைப் படுகையின் மணல் மெத்தென்று கூப்பிடும், போகாதீர்கள். எங்கோ மேலே பெய்த மழை இரவில் அந்த வழியாகத்தான் இறங்கும். ஓடைக்கரையில் நிற்கும் பெரிய செவ்யூகலிப்டஸ் மரத்தடியும் வேண்டாம். காற்றே இல்லாத நாளிலும் தொடை பருமன் கிளையைச் சட்டென்று உதிர்க்கும் மரம் அது.

காற்று மெத்தை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும், நடு இரவில் இடுப்பு தரையைத் தொடும், முதுகுச் சூடு முழுக்கக் கீழே போய்விடும். தானே உப்பும் ஃபோம் பாய், தரைக்குளிரைத் தடுக்கும் அளவான ஆர் மதிப்பு 3-க்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். போர்வைப் பையில் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் 'கம்ஃபர்ட்' 0 டிகிரி அளவில் இருக்கட்டும். அதற்கும் கீழாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்கினால் நடுங்கிக்கொண்டே விடியும்.

விறகு: பூங்காவுக்குள் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது, வெளியே வாங்கிவர வேண்டும். தீ அபாயக் காலத்தில் விறகுத் தீக்கு முழுத்தடை. செப்டம்பர் பொதுவாக அதற்கு முந்தைய காலம்தான், ஆனாலும் அன்றன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டே பற்றவையுங்கள். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் பூங்கா முகாமில் கேஸ் அடுப்பும் கூடாது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சப்பாத்தி ஒரு பொட்டலம் கைவசம் இருந்தால் அந்த நாளும் பசியில்லாமல் போகும்.

வைகைக்கரை

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வரிசையை மாற்றிவிட்டேன், காற்று மெத்தை ஆர்டரையும் ரத்து செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வாடகை ஒப்பந்தத்தில் "தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. வாலபிக்குப் பேர்போன பிராகினா கணவாய்க்குச் சரளைச் சாலைதான் என்கிறார்கள். அங்கே போகாமல் பாறை வாலபியைப் பார்க்க வழி உண்டா? மலைப் பக்கம் பாம்பு எப்படி?

பாறைமேடு

அந்த வரியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தார் இல்லாத சாலையில் சின்னக் கீறல் விழுந்தாலும் காப்பீடு மொத்தமும் செல்லாமல் போகும். பல ஒப்பந்தங்களில் இன்னும் இரண்டு வரிகள் பொடி எழுத்தில் இருக்கும். ஒன்று, ஊர் எல்லைக்கு வெளியே இருட்டிய பின் ஓட்டி விலங்கு மோதினால் ஈடு கிடையாது. இரண்டு, வண்டியின் அடிப்பாகமும் கூரையும் காப்பீட்டில் சேராது. முதலிலேயே வாடகைக்காரரிடம் "தேசியப் பூங்காவுக்குள் பராமரிக்கப்படும் சரளைச் சாலையில் ஓட்டலாமா" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அனுமதிக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் கிடைக்கின்றன. வண்டி எடுக்கும்போது ஸ்டெப்னி முழு அளவு டயரா என்று திறந்து பாருங்கள். சில எஸ்யூவிகளில் அந்த இடத்தில் பஞ்சர் பசைக் குப்பி மட்டும் இருக்கும். கூர்ங்கல் பக்கவாட்டைக் கிழித்தால் பசை உதவாது.

வில்பீனா வரையும், அதைத் தாண்டி பிளின்மன் வரையும் தார்ச்சாலைதான். பிராகினா, புன்யரூ கணவாய்ச் சாலைகள் இரண்டும் சரளை, நடுநடுவே ஓடைக்கற்களின் மேல் போக வேண்டும். அனுமதி கிடைத்தால் டயர் காற்றை 35-இலிருந்து 28 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள், வேகம் 60 தாண்ட வேண்டாம். தாருக்குத் திரும்பியதும் ஏற்றிவிட வேண்டும், அதற்கு 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் சாலையை மூடுவார்கள். மூடிய சாலையில் போனால் கடும் அபராதம்.

இப்போது வாலபி. பிராகினா கணவாயின் செங்குத்தான கற்சரிவுகள்தான் அதன் வீடு. இந்த மலையின் பூர்வகுடிகளான அட்னியமத்தன்ஹா மக்கள் அதை 'அந்து' என்பார்கள். பகலில் பாறை இடுக்கில் படுத்துவிடும். காலை வெயில் சரிவில் விழும் முதல் ஒன்றிரண்டு மணி நேரமும், மாலையில் கடைசி ஒரு மணி நேரமும்தான் வெளியே வரும். இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்: மாலையில் வாலபியைப் பார்த்துவிட்டு வில்பீனா திரும்புவதற்குள் இருட்டிவிடும், மணல்தேரி சொன்ன 4:30 கணக்கு உடையும். அதனால் மூன்று இரவில் ஒன்றைக் கணவாய்ப் பக்கத்தில் உள்ள டிரெசோனா போன்ற சிறு முகாமில் போடுங்கள். ஒப்பந்தம் இடம் தராவிட்டால் வில்பீனாவிலிருந்து வழிகாட்டியோடு போகும் ஃபோர் வீல் டிரைவ் சுற்றுலாவில் சேருங்கள். பல வருட ஆசைக்கு அந்தச் செலவு தகும்.

பார்க்கும் முறை: கணவாயில் மெதுவாகப் போய் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், கீழே இறங்க வேண்டாம். கற்குவியலில் உருவத்தைத் தேடினால் கண்ணில் படாது, வாலைத் தேடுங்கள். உடம்பு பாறையின் சாம்பல் நிறத்தோடு ஒன்றிப்போயிருக்கும். வால்தான் மஞ்சளும் பழுப்புமாக வளையம் வளையமாக, கல்லின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு வால் தெரிந்துவிட்டால் பக்கத்திலேயே இரண்டு மூன்று உட்கார்ந்திருப்பது பிறகுதான் புலப்படும். கன்னத்தில் வெள்ளைக் கோடு, காலும் கையும் ஆரஞ்சு மஞ்சள். பைனாகுலர் 8 மடங்கு போதும்.

ஒரு காலத்தில் ஆடும் நரியும் சேர்ந்து இவற்றை ஒழித்துவிடும் நிலைமை இருந்தது. 1992-இல் தொடங்கிய 'பவுன்ஸ்பேக்' திட்டம் ஆட்டையும் நரியையும் கட்டுப்படுத்தியதால்தான் இன்று சாலையோரத்தில் நின்று பார்க்க முடிகிறது. இங்கே அற்றுப்போயிருந்த மேற்குக் குவோலை 2014-இல் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். பூனை அளவு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, இரவில் நடமாடும். உணவை டென்டில் வைக்காதீர்கள், வண்டிக்குள் பூட்டுங்கள்.

கணவாயின் நிலவியல் பாதை 20 கி.மீ., கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் பலகைகள் வரிசையாக வரும். வழியில் எனோரமா ஓடையில் பாறையில் பதித்த வெண்கல வட்டு இருக்கிறது. எடியகாரன் என்னும் நிலவியல் காலம் தொடங்கும் பாறை அடுக்கை உலகத்துக்கே குறிக்கும் இடம் அது. அந்தக் காலத்தின் பெயரும் இந்த மலைத்தொடரின் எடியகாரா குன்றுகளிலிருந்து வந்ததே. 1946-இல் ரெக் ஸ்பிரிக் அங்கேதான் மெல்லுடல் உயிர்களின் பதிவுகளைக் கல்லில் கண்டார். தவறவிடாதீர்கள்.

நடை: செயின்ட் மேரி சிகரம் 1,171 மீட்டர். உச்சி வரை ஏறாமல், அதற்குக் கீழே டாண்டெரா சேணம் என்ற மலைத்தாழ்வோடு நிற்கும்படி அட்னியமத்தன்ஹா மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். வில்பீனாவைச் சுற்றிக் கிண்ணம் போல நிற்கும் மலைவளையம் அவர்களுக்கு இகாரா. அதன் சுவர்கள் இரண்டு அகுர்ரா நாகங்களின் உடல், சிகரம் அதில் ஒன்றின் தலை. கோயில் கருவறைக்கு வெளியே நாம் நிற்பதுபோல இதையும் மதித்து நிற்க வேண்டும். கிண்ணத்தின் உட்புறம் பார்க்க வங்காரா காட்சிமேடை போதும், போய்வர 8 கி.மீ., 3 மணி நேரம்.

சாலையில்: செப்டம்பரில் ஈமு அப்பாக்கள் கோடு போட்ட குஞ்சுகளோடு நடக்கும். ஒன்று கடந்தால் நின்று எண்ணுங்கள், பின்னால் வருவன தயங்கித் தயங்கி வந்து கடைசி நொடியில் ஓடும். செத்த விலங்கின் மேல் ஆப்புவால் கழுகு உட்கார்ந்திருந்தால் நன்றாக வேகத்தைக் குறையுங்கள். கனத்த பறவை, எழும்ப நேரம் எடுக்கும், கண்ணாடி உயரத்தில்தான் குறுக்கே பறக்கும். சாலையில் பைன் காய் மாதிரி கிடப்பது தூங்குமூஞ்சிப் பல்லி, வசந்தத்தில் ஜோடியாகத் திரியும். விலகிப் போங்கள். கங்காருவுக்கு ரொட்டி கொடுக்காதீர்கள். மென்மையான உணவு ஈறில் சிக்கித் தாடை அழுகும் நோய்க்குக் கொண்டுபோய்விடும்.

பாம்பு: வெயில் ஏறும் வசந்தத்தில் பழுப்புப் பாம்பு வெளியே வரும். மூடிய ஷூ, இரவில் டார்ச், இரண்டும் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வண்டியில் 10 செ.மீ. அகல எலாஸ்டிக் பேண்டேஜ் 3 வையுங்கள். கடித்தால் கழுவாதீர்கள், தோலில் உள்ள நஞ்சை வைத்து மருத்துவமனையில் வகை பார்ப்பார்கள். கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கடித்த இடத்தின் மேல் ஒரு கட்டு. பிறகு விரலிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுக்க, சுளுக்குக்குக் கட்டும் இறுக்கத்தில் இன்னொரு கட்டு. குச்சி வைத்து அசையாமல் செய்து, கடிபட்டவரை நடக்க விடாமல் அவசர எண் 000 அழையுங்கள். செம்முதுகுச் சிலந்தி (ரெட்பேக்) கடித்தால் இந்தக் கட்டு வேண்டாம், ஐஸ் ஒத்தடம் மட்டும். கணவாய்க்குள் சிக்னல் இருக்காது. சாட்டிலைட் மெசேஜர் ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது.

கொடிப்பந்தல்

வைன் பக்கம் நான் சொல்கிறேன். வண்டி ஓட்டுபவருக்குச் சட்ட எல்லை ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம். ஆஸ்திரேலியாவில் 'ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்பது 10 கிராம் ஆல்கஹால், 13 சதவீத வைன் 100 மி.லி.யில் அவ்வளவு இருக்கும். ருசிக்கு ஊற்றுவது 20 முதல் 30 மி.லி. ஆக நாலைந்து கிளாஸ் ருசி ஒரு டிரிங்க். ஓரிடத்தில் ஆறு வகை, ஒரு நாளைக்கு மூன்று இடம் என்றால் நாலு டிரிங்க் தாண்டிவிடும். பரோசாவின் சிவப்பு வைனான ஷிராஸ் 14.5 சதவீதம் என்பதால் இன்னும் சீக்கிரம். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ ஒன்றைத்தான் கரைக்கும், காபியும் குளியலும் அதை வேகப்படுத்தாது. உங்கள் தம்பி மனைவி ஓட்டுவது நல்ல ஏற்பாடு. அவரும் வாசனை பார்த்து, ருசித்து, துப்பலாம். மேசைமேல் இருக்கும் வாளி அதற்குத்தான், துப்புவதை அங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கிளேரில் வண்டியைத் தொடவே வேண்டாம். பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கிய ரீஸ்லிங் டிரெயில், ஆபர்ன் முதல் கிளேரைத் தாண்டி பரினியா வரை 35 கி.மீ. ரயில் போன பாதை என்பதால் ஏற்றம் காலுக்கே தெரியாது. முழுதும் போக வேண்டியதில்லை. கிளேரிலிருந்து செவன்ஹில், பென்வர்தம் தாண்டி வாட்டர்வேல் வரை போய்த் திரும்பினால் ஒரு நாள் நிறையும். சைக்கிளிலும் போதையில் ஓட்டுவது குற்றம்தான், அளவோடு இருங்கள். செவன்ஹில்லில் இயேசு சபைத் துறவிகள் பூசைக்கான வைனுக்காக 1851-இல் தொடங்கியதுதான் இந்தப் பள்ளத்தாக்கின் முதல் வைன் ஆலை.

ரீஸ்லிங் இந்த ஊரின் வெள்ளை வைன். வாட்டர்வேல் ரீஸ்லிங்கையும் போலிஷ் ஹில் ரிவர் ரீஸ்லிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பாருங்கள். முன்னது சுண்ணாம்புக்கல் மேல் செம்மண், எலுமிச்சை வாசனை முன்னால் வந்து நிற்கும். பின்னது பலகைக்கல் நிலம், ஒல்லியாக, கூர்மையாக, நாவோரத்தில் புளிப்பு நீளும். இந்த ஊர்த் தயாரிப்பாளர்கள் 2000-ஆம் ஆண்டு ஒன்று சேர்ந்து தக்கையை விட்டுத் திருகு மூடிக்கு மாறினார்கள். அதனால் பத்து வருடப் பாட்டிலும் கெடாமல் இருக்கும். சைவச் சாப்பாட்டோடு, முக்கியமாகத் தேங்காய் அரைத்த குழம்போடு, ஷிராஸை விட இதுதான் பொருந்தும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பரோசாவில் ஒரு விதி: கொடி வரிசைக்குள் படம் எடுக்கக்கூட இறங்காதீர்கள். ஃபிலோக்செரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தபோது இங்கே வரவில்லை, இன்றுவரை தெற்கு ஆஸ்திரேலியாவில் அது இல்லை. 1843-இல் நட்ட ஷிராஸ் கொடி சொந்த வேரிலேயே இன்னும் காய்க்கிறது. அந்தப் பூச்சி ஷூவின் அடியில் ஒட்டும் மண்ணில் வந்துவிடும், வந்தால் மருந்து கிடையாது. நோய் இருக்கும் விக்டோரியா பகுதிகளுக்கு, யாரா பள்ளத்தாக்கு மாதிரி, முன்னே பின்னே போவதாக இருந்தால் வேறு ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக: இந்தியாவில் தீர்வையில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் மது, அதாவது 750 மி.லி. பாட்டில் இரண்டு. இரண்டும் திருகு மூடியாக இருந்தால் நல்லது. ஒரே வியாபாரியிடம் 300 டாலரோ அதற்கு மேலோ, கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கி, வரி ரசீது வைத்திருந்தால் ஜிஎஸ்டியாக விலையில் 11-இல் ஒரு பங்கும், வைன் வரியாக 14.5 சதவீதமும் திரும்பக் கிடைக்கும். கையில் எடுத்துச் செல்ல முடியாத திரவம் என்பதால், பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுப்பதற்கு முன்பே எல்லைப் படை அதிகாரியிடம் பாட்டிலைக் காட்ட வேண்டும். போட்டுவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது.

அடுப்படி

ஒன்று விட்டுப்போயிற்று. வரும்போது பச்சைக் கறிவேப்பிலை எடுத்து வராதீர்கள். எலுமிச்சை இனத்தை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில்தான் ஒட்டி வரும் என்பதால் அனுமதியே இல்லை. பொடி, ஊறுகாய், பருப்பு, நெய் எதுவானாலும் வருகைப் படிவத்தில் 'உண்டு' என்று எழுதிக் காட்டுங்கள். காட்டினால் அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம். டென்டும் நடைஷூவும் பழையதா? அதையும் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முன் ஷூ அடியின் பள்ளங்களைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, டென்டின் மூலைகளில் ஒட்டிய புல்விதையை உதறி, வெயிலில் காயவைத்து எடுத்து வாருங்கள். ஏற்கனவே எரித்த கேஸ் அடுப்பைப் பெரும்பாலும் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதை வீட்டிலேயே வையுங்கள். குக்கரின் வெயிட்டும் கேஸ்கெட்டும் தனித்தனிப் பையில் போட்டுக் குக்கருக்குள்ளேயே வைத்துவிடுங்கள். ஹாக்கருக்கு வடக்கே அது தொலைந்தால் வாங்க இடமில்லை.